கேனரி வார்ஃபைக் கட்டிய பால் ரைக்மன் ஏன் அதை இழந்தார்?

கேனரி வார்ஃப் என்பது லண்டனின் கிழக்கே இருக்கும் அலுவலகக் கோபுரங்களின் பேட்டை. அதைக் கட்டிய பால் ரைக்மனைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் இருந்தன. அகதிகளாகக் கனடாவுக்கு வந்து, வெறும் கையோடு டைல்ஸ் விற்கத் தொடங்கிய ரைக்மன் சகோதரர்கள் முப்பது வருடங்களில் உலகின் மிகப் பெரிய ரியல் எஸ்டேட் நிறுவனத்தை எப்படி உருவாக்கினார்கள்? அவ்வளவு கெட்டிக்காரர்கள் 1992இல் ஏன் அதை இழந்தார்கள்?

முதலில் அந்த 'வெறும் கை' விஷயத்தைப் பார்த்துவிடலாம். அகதிகள் என்பது உண்மை, ஏழைகள் என்பது உண்மையில்லை. அப்பா சாமுவேல் ரைக்மன் ஹங்கேரியில் பெலெட் என்ற சிற்றூர்க்காரர். வியன்னாவுக்குக் குடிபெயர்ந்து முட்டை ஏற்றுமதியில் நன்றாகச் சம்பாதித்தார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பால் 1930இல் அங்கேதான் பிறந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது குடும்பம் தற்செயலாக ஹங்கேரிக்குப் போயிருந்தது. அந்தத் தற்செயல் அவர்களைக் காப்பாற்றியது. அங்கிருந்து பாரிஸ் போனார்கள். 1940இல் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியதும் ஸ்பெயின் வழியாக மொராக்கோவின் வடமுனையில் இருக்கும் டான்ஜியருக்குத் தப்பினார்கள்.

டான்ஜியர் சாதாரண ஊர் இல்லை. பல நாடுகள் சேர்ந்து நிர்வகித்த சர்வதேச மண்டலமாக இருந்த துறைமுகம் அது. நாணயம் மாற்றுகிறவர்களுக்கு அதைவிடத் தோதான இடம் அன்றைக்குக் குறைவு. சாமுவேல் அங்கே நாணய வியாபாரியாகி மறுபடியும் பணக்காரர் ஆனார். அம்மா ரெனே வேறு ஒரு வேலையில் இறங்கினார். நாஜி வதை முகாம்களில் இருந்தவர்களுக்கு ஸ்பானிய செஞ்சிலுவைச் சங்கம் வழியாக உணவுப் பொட்டலங்கள் அனுப்பினார், புடாபெஸ்டில் சிக்கியிருந்த யூதர்களுக்கு ஸ்பானியப் பாதுகாப்பு ஆவணங்கள் கிடைக்க அலைந்தார். மகன்களின் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அம்மாவை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. துணிச்சல் என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தில் முதலிடம் அவருக்குத்தான்.

பால் பிசினஸ் படித்தவர் இல்லை. இங்கிலாந்திலும் இஸ்ரேலிலும் யூத வேதப் பள்ளிகளில் பல வருடங்கள் படித்துவிட்டு, மொராக்கோவுக்குத் திரும்பி யூதக் குழந்தைகளின் கல்விக்காக வேலை பார்த்தார். 1956இல் மொராக்கோ சுதந்திரம் அடைந்ததும் டான்ஜியரின் தனி அந்தஸ்துக்கு நாள் எண்ண வேண்டியதாயிற்று. மூத்த அண்ணன் எட்வர்ட் அதற்கு முன்பே மாண்ட்ரியல் போய் டைல்ஸ் இறக்குமதி ஆரம்பித்திருந்தார். மற்றவர்களும் கிளம்பினார்கள். ஆல்பர்ட், பால், ரால்ஃப் மூவரும் டொரண்டோவில் கடையை நடத்தினார்கள். பின்னால் அப்பாவின் மூலதனம். அதோடு பல நாட்டு நாணயங்களையும் சட்டங்களையும் சமாளித்துப் பழகிய புத்தி.

கட்டடத் தொழிலுக்குள் அவர்கள் நுழைந்த கதையைப் பலர் சொல்வார்கள். டைல்ஸ் சரக்கு வைக்க ஒரு கிடங்கு வேண்டியிருந்தது. கான்ட்ராக்டர்கள் கேட்டதில் மிகக் குறைந்த தொகையே 1,25,000 டாலர். பால் தானே ஆள் வைத்துக் கட்டி 70,000 டாலரில் முடித்துவிட்டார். சரி, நமக்கே இவ்வளவு மிச்சம் என்றால் மற்றவர்களுக்குக் கட்டிக்கொடுத்தால் என்ன? டொரண்டோவின் ஓரங்களில் ஒற்றை மாடித் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் எழுந்தன. சொன்ன விலை, சொன்ன தேதி, அந்த இரண்டிலும் பிசகுவதில்லை என்று பெயர் எடுத்தார்கள். இந்தப் பெயர்தான் பிற்பாடு அவர்களுடைய மிகப் பெரிய சொத்து, நிலத்தைவிடவும் பெரியது.

1965இல் ஒரு திருப்பம். நியூயார்க்கின் வில்லியம் ஜெக்கன்டார்ஃப் என்ற டெவலப்பர், மாண்ட்ரியலில் ப்ளாஸ் வில் மாரி கோபுரத்தை எழுப்பியவர், அந்த வருடம் திவாலானார். கட்டடம் கட்டத் தெரியாமல் அவர் விழவில்லை. ஒரு கட்டடத்தை வைத்து அடுத்ததுக்குக் கடன், அதை வைத்து இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் வட்டி வரவை மிஞ்சிவிட்டது. டொரண்டோவில் அவர் நிறுவனத்திடம் ஃப்ளெமிங்டன் பார்க் பகுதியில் பெரிய நிலப்பரப்பு இருந்தது. ரைக்மன்கள் அதை வாங்கிக் கூறு போட்டு விற்றும் கட்டியும் அடுத்த நிலைக்கு ஏறினார்கள். ஜெக்கன்டார்ஃபின் நிலம் கிடைத்தது. அவர் விழுந்த விதத்திலிருந்து பாடம் கிடைத்ததா என்பதை 1992தான் சொன்னது.

அப்புறம் வந்தது ஃபர்ஸ்ட் கனடியன் ப்ளேஸ். டொரண்டோ நடுவில், 72 மாடி, 298 மீட்டர், வெளிப்புறம் முழுக்க இத்தாலிய கராரா வெள்ளைப் பளிங்கு. 1975இல் முடிந்தபோது கனடாவிலேயே உயரமான அலுவலகக் கட்டடம் அதுதான். ஒலிம்பியா அண்ட் யார்க் என்ற அவர்கள் நிறுவனத்தின் கட்டுமானத் திறமைக்கு இதைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள். நகர நடுவில் உயரமாகக் கட்டும்போது பெரும் செலவு கம்பியோ கான்கிரீட்டோ அல்ல. ஆட்களும் சரக்கும் மேலே போக லிஃப்ட்டுக்குக் காத்துக் கிடக்கும் நேரம்தான் பணத்தைத் தின்னும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க லாரியையே உள்ளே ஏற்றி இறக்கும் ஏற்பாடு வரை செய்தார்கள். பளிங்கு மட்டும் டொரண்டோ குளிருக்குத் தாங்கவில்லை. 2007இல் ஒரு பலகை பெயர்ந்து விழ, சில வருடங்களில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெள்ளைக் கண்ணாடி பொருத்தினார்கள்.

அவர்களுடைய மத ஒழுக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது தொழிலுக்குள்ளும் நுழைந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சைட்டில் வேலை நிற்கும். சனிக்கிழமை முழுக்க எதுவும் நடக்காது. யூதப் பண்டிகைகளுக்கும் அப்படியே. எவ்வளவு அவசரமான ஒப்பந்தமாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுத்ததில்லை. பால் மெதுவாகப் பேசுவார், எப்போதும் கறுப்பு சூட், பேட்டி கொடுக்கப் பிடிக்காது. வாயால் சொன்னதே பத்திரம் என்று வங்கிகள் நம்பின. அந்த நம்பிக்கையின் மறுபக்கம் இது: குடும்ப நிறுவனம் என்பதால் கணக்கை யாருக்கும் முழுசாகக் காட்டியதில்லை. பெரிய வங்கிகளும் ரைக்மன் என்ற பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டன. 1987இல் ஒரு டொரண்டோ இதழ் குடும்பத்தின் போர்க்காலக் கதையைச் சந்தேகப்பட்டு நீண்ட கட்டுரை வெளியிட்டபோது அவர்கள் வழக்குப் போட்டு, கடைசியில் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். பெயர் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

பெரும் பணம் வந்தது நியூயார்க்கிலிருந்து. 1975இல் அந்த நகராட்சி திவாலாகும் விளிம்பில் நின்றது. கம்பெனிகள் புறநகருக்கு ஓடின. மன்ஹாட்டனில் அலுவலகக் கட்டடம் வாங்குகிறவனைப் பைத்தியமாகப் பார்த்த காலம். 1977இல் யூரிஸ் குழுமத்தின் எட்டு கட்டடங்களை, ஏறத்தாழ ஒரு கோடி சதுர அடி, சுமார் 32 கோடி டாலருக்கு பால் வாங்கினார். கைப்பணம் அதில் சிறு பங்குதான், மீதி கடன். பத்து வருடத்தில் அந்தக் கட்டடங்களின் மதிப்பு 300 கோடி டாலர் அளவுக்குப் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ரியல் எஸ்டேட் பேரம் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் இந்த வெற்றியில்தான் வினையும் இருந்தது என்பது என் கருத்து. எல்லோரும் பயப்படும் இடத்தில் கடன் வாங்கி இறங்கு, கொஞ்ச வருடம் பொறு, நீ சொன்னதுதான் சரி என்று ஊரே ஒத்துக்கொள்ளும் என்று அவருக்கு மன்ஹாட்டன் கற்றுக்கொடுத்துவிட்டது.

மதிப்பு ஏறியதும் அவர்கள் கட்டடங்களை விற்கவில்லை. ஏறிய மதிப்பின்மேல் மறுபடியும் கடன் எடுத்தார்கள். 1984இல் நியூயார்க்கின் மூன்று கட்டடங்களை ஈடு வைத்து மட்டும் 97 கோடி டாலர் திரட்டினார்கள். விற்றால் லாபத்துக்கு வரி கட்டவேண்டும், கடனுக்கு வரி இல்லை. வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இது பிரமாதமான வித்தை. இப்படி வந்த பணம் கட்டடங்களோடு நிற்கவில்லை. 1981இல் அபிடிபி பிரைஸ் என்ற காகித நிறுவனம், 1985இல் கல்ஃப் கனடா எண்ணெய் நிறுவனம் என்று வாங்கிப் போட்டார்கள். 1989இல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கனடிய டெவலப்பர் ராபர்ட் காம்போவுக்கு 25 கோடி டாலர் கொடுத்தார்கள். அவர் அடுத்த சில மாதங்களில் மூழ்கியே போனார். நிலத்தில் இருந்த கை பழக்கம் பங்குச் சந்தையில் இல்லை என்பது இதிலெல்லாம் தெரிந்தது.

நியூயார்க்கில் அவர்கள் புதிதாகக் கட்டியது வேர்ல்ட் ஃபைனான்ஷியல் சென்டர். உலக வர்த்தக மையத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணை ஹட்சன் ஆற்றில் கொட்டி உண்டான மேட்டில், சீசர் பெல்லி வரைந்த நான்கு கோபுரங்கள். வெறும் மணல்மேட்டுக்கு யார் வருவார்கள்? பால் செய்தது எளிமையான, அபாரமான காரியம். 'உங்கள் பழைய அலுவலகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் இங்கே வாருங்கள்' என்றார். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் பழைய தலைமையகத்தை வாங்கிக்கொண்டார். மற்றவர்களின் மீதிக் குத்தகையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். மெரில் லிஞ்ச் வந்தது, டவ் ஜோன்ஸ் வந்தது. காலி மேடு நிரம்பியது. பழைய கட்டடங்களை மறுபடி வாடகைக்கு விடும் சுமை அவருடையது, ஆனால் சந்தை ஏறிக்கொண்டிருந்ததால் அது உறைக்கவில்லை.

இனி லண்டன். தேம்ஸ் நதி வளைந்து சூழ்ந்த ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் 1802இல் திறந்த வெஸ்ட் இண்டியா துறைமுகத் தளங்கள் 1980இல் மூடப்பட்டன. கன்டெய்னர் கப்பல்கள் ஆழமான துறைமுகங்களைத் தேடிப் போய்விட்டன, பல்லாயிரம் பேருக்கு வேலை போயிற்று. 1981இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகம் அமைத்தது. 1982இல் அங்கே தொழில் மண்டலச் சலுகை வந்தது: பத்து வருடங்களுக்கு வணிகச் சொத்து வரி கிடையாது, கட்டும் செலவு முழுவதையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அங்கே கேனரி வார்ஃப் என்ற அலுவலகப் பேட்டை கட்ட அமெரிக்கர் ஒருவர் வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு போட்ட முதல் திட்டம் பணம் திரளாமல் நின்றது. 1987 ஜூலை 17 அன்று ஒலிம்பியா அண்ட் யார்க் அதை ஏற்று ஒப்பந்தம் போட்டது. மொத்தம் ஒரு கோடி சதுர அடிக்கு மேல். 1988 மே மாதம் மார்கரெட் தாட்சரே வந்து வேலையைத் தொடங்கிவைத்தார்.

உள்ளூர் மக்கள் இதைக் கொண்டாடவில்லை. பழைய திட்டத்துக்கு 1986இல் விழா எடுத்தபோது, பாங்க் ஆஃப் இங்கிலாந்து கவர்னர் பேசும் நேரம் பார்த்து ஆட்டு மந்தையையும் தேனீக்களையும் அவிழ்த்துவிட்டார்கள். கப்பலில் மூட்டை இறக்கியவனுக்கு வங்கியில் என்ன வேலை கிடைக்கும் என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. அதற்கு ரைக்மனிடமும் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒப்பந்தம் போட்ட மூன்றே மாதத்தில், 1987 அக்டோபரில், பங்குச் சந்தை சரிந்தது. இன்னொரு பக்கம், லண்டன் பழைய நிதிப் பேட்டையான சிட்டியின் நிர்வாகம் போட்டியைக் கண்டு சுதாரித்துக்கொண்டு, இறுக்கமான கட்டட விதிகளைத் தளர்த்தியது. சிட்டிக்குள்ளேயே லட்சக்கணக்கான சதுர அடி புதிதாக எழுந்தது. வங்கிக்காரன் ஏன் கிழக்கே போக வேண்டும்? போவதென்றாலும் எதில் போவது? 1987இல் அந்தப் பகுதிக்கு ஓடத் தொடங்கிய டாக்லேண்ட்ஸ் ரயில் பொம்மை ரயில் அளவில்தான் இருந்தது. தினமும் ஐம்பதாயிரம் பேரை ஏற்றி இறக்க அதனால் முடியாது. ஜூபிலி பாதாள ரயிலை அங்கே வரை நீட்டவேண்டும் என்று பால் அரசை நெருக்கி, 40 கோடி பவுண்டு தன் பங்காகத் தருவதாகவும் சொன்னார். மன்ஹாட்டன் மேட்டில் கோபுரம் கட்டியபோது சுரங்க ரயில் நடந்து போகும் தூரத்தில் ஏற்கெனவே இருந்தது. லண்டனில் ரயிலுக்கு முன்னால் கோபுரம் எழுந்துவிட்டது. இரண்டு திட்டங்களுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான், இதை அவர் குறைத்து எடை போட்டார்.

1989 அக்டோபரில் பிரிட்டனின் அடிப்படை வட்டி 15 சதவீதம். அடுத்த வருடம் தாட்சர் பதவி இழந்தார். 50 மாடி, 235 மீட்டர், அன்றைக்குப் பிரிட்டனின் மிக உயரமான கட்டடமான, கேனரி வார்ஃபின் ஒன் கனடா ஸ்கொயர் 1991இல் திறந்தபோது நாடு பொருளாதார மந்தத்தில் இருந்தது. கோபுரத்தின் பெரும்பகுதி காலி. வாடகைக்கு வந்தவர்களை இழுக்க நியூயார்க் வித்தையையே லண்டனிலும் செய்திருந்தார்கள், அவர்களுடைய பழைய குத்தகைகள் இவர்கள் தலையில். இந்தத் தடவை சந்தை இறங்கிக்கொண்டிருந்தது. அதே சமயம் நியூயார்க்கிலும் டொரண்டோவிலும் வாடகை விழுந்தது. மூன்று நகரங்கள் இருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும் என்ற கணக்கு பொய்த்தது.

கொன்றது நஷ்டம்கூட அல்ல, ரொக்கத் தட்டுப்பாடு. நிறுவனத்தின் கடனில் ஒரு பகுதி சில வாரங்களில், மாதங்களில் தீர்ந்து மறுபடி புதுப்பிக்க வேண்டிய குறுகிய காலப் பத்திரங்கள். முப்பது வருடம் நிற்கப்போகிற கட்டடத்தை அந்தப் பணத்தின்மேல் நிறுத்தினால், சந்தை ஒரு தடவை முகத்தைத் திருப்பினாலே முடிந்தது. 1992 தொடக்கத்தில் அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லை. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க முதலீட்டு வங்கிக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த வாக்குப்படி அந்த வங்கியின் கட்டடத்தைச் சுமார் 24 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அந்தப் பணமும் இல்லை. அப்போதுதான் சுமார் நூறு வங்கிகள் தாங்கள் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று ஒன்றாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தன. மொத்தம் 1,800 கோடி டாலருக்குக் குறையாது. ஒவ்வொரு வங்கியும் தன் கட்டடத்தை மட்டும் பார்த்துக் கொடுத்திருந்தது. மே 14 அன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். அந்த மாதக் கடைசிக்குள் கேனரி வார்ஃபும் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. தனியாக வைத்திருந்த டைல்ஸ் நிறுவனம் மட்டும் இந்த இடிபாட்டில் சிக்கவில்லை.

பெரும்பாலோர் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். பால் நிறுத்தவில்லை. 1993இல் அரசு ஜூபிலி நீட்டிப்புக்கு ஒருவழியாகப் பச்சைக்கொடி காட்டியது. 1995 டிசம்பரில், சவுதி இளவரசர் அல்வலீத், நியூயார்க்கின் லாரன்ஸ் டிஷ் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, வங்கிகளிடமிருந்து கேனரி வார்ஃபை 80 கோடி பவுண்டுக்கு பால் திரும்ப வாங்கினார். கட்டச் செலவானதில் ஒரு பகுதிதான் அது. அதில் அவருடைய சொந்தப் பங்கு சிறியது, இந்தத் தடவை பெரும் பணம் மற்றவர்களுடையது. அடுத்த பிப்ரவரியிலேயே பக்கத்தில் சவுத் கீயில் ஐஆர்ஏ என்ற அயர்லாந்துப் போராளிக் குழுவின் குண்டு வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அதையும் தாண்டியது. 1999இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் இறங்கியது, அதே வருடம் ஜூபிலி ரயிலும் வந்து சேர்ந்தது. எச்எஸ்பிசி வங்கியும் அமெரிக்காவின் சிட்டிகுரூப் வங்கியும் தலா ஒரு கோபுரத்துக்கு வந்தன. 1987இல் அவர் வரைந்த படம் ஏறக்குறைய அப்படியே கண்முன் நின்றது, பத்துப் பன்னிரண்டு வருடம் தாமதமாக.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இடத்தைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருந்தது, எடுத்த கடனுக்குத்தான் அவ்வளவு காலம் காத்திருக்கும் தவணை இல்லை. பேராசை என்று ஒரு வார்த்தையில் முடிப்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. பேராசைக்காரர் யாரும் அந்த நிலத்தைத் தொட்டிருக்கவே மாட்டார், அதைவிடச் சுலபமான லாபம் சிட்டிக்குள் கிடைத்தது.

2004இல் மார்கன் ஸ்டான்லி தலைமையிலான கூட்டணி கேனரி வார்ஃபைக் கைப்பற்றியபோது அவர் இரண்டாம் தடவையாக வெளியேறினார். 2013 அக்டோபர் 25 அன்று டொரண்டோவில் 83 வயதில் காலமானார். இன்றைக்கு அந்த இடத்தின் உரிமை கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனத்திடமும் கனடாவின் புரூக்ஃபீல்டிடமும் இருக்கிறது. நியூயார்க்கின் வேர்ல்ட் ஃபைனான்ஷியல் சென்டரும் இதே புரூக்ஃபீல்ட் கைக்குத்தான் போனது, இப்போது அதற்குப் பெயரே புரூக்ஃபீல்ட் ப்ளேஸ். எச்எஸ்பிசி தன் கோபுரத்தைக் காலி செய்துவிட்டு சிட்டிக்கே திரும்பப் போவதாக 2023இல் அறிவித்தது. காலியாகும் மாடிகளை யார் நிரப்புவது என்பது இப்போது அந்த இரண்டு பேரின் தலைவலி.